மே மாதம் கயிறு பிடிப்பது யார்?

வலைப்பதிவு எழுதுகிறவளுக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டாப்ஸ்லிப்பில் யானை கண்டிப்பாகத் தெரியுமா, கைக்குழந்தையோடு போகலாமா, வழியில் சுத்தமான கழிப்பறை உண்டா. (மூன்றுக்கும் பதில்: தெரியாது, போகலாம், இல்லை.) ஜனவரி கடைசியில் வந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது.

“அக்கா, என் பேரு கார்த்தி. ஆனைமலைக்கு மேல காட்டுக்குள்ள எங்க ஊரு. ஜீப் ஓட்டறேன். எங்க ஊருக்கு கவர்மெண்டுல டூரிஸம் திட்டம் கொண்டு வாராங்க. அடுத்த மாசம் கிராம சபை கூடுது. நீங்க வந்து பாத்துட்டு எழுதுனீங்கன்னா ஆளுங்க வருவாங்க.”

நான் கோயில், அருவி, சாப்பாட்டுக்கடை இவற்றைத் தேடிப் போயிருக்கிறேன். கூட்டத்தைத் தேடிப் போனதில்லை. பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் வாரம் நான்கு கூட்டம் நடக்கிறது. சம்பளம் தருகிறார்கள் என்பதால் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் ஒரு பழங்குடி ஊரில், அரசாங்கத் திட்டம் ஒன்றை ஊர்க்காரர்களே உட்கார்ந்து வேண்டும் வேண்டாம் என்று பேசப்போகிறார்கள் என்றால் பார்க்கத்தானே வேண்டும். பிப்ரவரியில் இரண்டாவது சனிக்கிழமை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, உக்கடத்தில் ஆறே காலுக்குப் பொள்ளாச்சி பஸ் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். கிணத்துக்கடவு தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பனி விலகும்போது தெற்கே மலை தெரிய ஆரம்பிக்கும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இட்லியும் கொள்ளுச் சட்னியும் சாப்பிட்டு, நல்ல காபி குடித்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர், ஆனைமலை. அமாவாசையன்று மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். நான் போன அன்று காலியாகத்தான் இருந்தது. கார்த்தி ஜீப்போடு ஒன்பது மணிக்கே வந்து நின்றிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், வாரிய தலை, சலவை செய்த சட்டை. போக வர ஜீப் வாடகை ஆயிரத்து எண்ணூறு. வேண்டாம் வேண்டாம் என்றவரிடம் வம்படியாகக் கொடுத்தேன்.

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் எழுத வேண்டாம் என்றார்கள். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு நாம் நினைத்தபடி போய்விடவும் முடியாது. ஊர் அழைத்த விருந்தாளி என்று சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால்தான் சோதனைச் சாவடியில் என்னை விட்டார்கள். அதற்கு மேல் பாதை என்று ஒன்று இருப்பதாகக் கார்த்தி சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லும் குழியும்தான். முதல் அரை மணியில் கொள்ளுச் சட்னி ஏன் சாப்பிட்டோம் என்று ஆகிவிட்டது.

“ஏனுங்க்கா, சித்த நிறுத்தட்டுங்களா?”

“வேண்டாம் தம்பி, நிறுத்தினா திரும்ப ஏறமாட்டேன். நீங்க பேசிட்டே வாங்க.”

பேசினார். திட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். தங்குவதற்கு மூங்கில் குடில்கள், ஜீப் சவாரி, ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வேலை, பெண்களுக்குச் சாப்பாட்டுக்கூடம். எல்லாவற்றுக்கும் மேலே, தேன்பாறை என்கிற பெரிய செங்குத்துப் பாறையின் உச்சியில் இரும்புக் கம்பி போட்ட மேடை. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்றார்.

“ஊருல எல்லாருக்கும் சம்மதமா?” என்று கேட்டேன்.

“அக்காளுக்குத்தானுங்க இஷ்டமில்ல. எங்கூடப் பொறந்தவ, செல்வின்னு பேரு. வன உரிமைக் குழுவுக்கு அவதான் தலைவி. இப்பவும் ஆளுக கேக்காம கொள்ளாமத்தான் வந்துட்டுப் போறாங்க. டிக்கெட்டு, கேட்டு, கைடுன்னு வந்துபோட்டா ஒரு கட்டுப்பாடு இருக்குமில்லீங்க்கா? சொன்னாக் கேக்கமாட்டா.”

எனக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மேடையிலிருந்து எடுக்கப்போகும் படங்களைப் பற்றி மனதுக்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஊரில் முப்பது வீடுகள் இருக்கலாம். பாதி ஓடு, பாதி தகரம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பலா மரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மரத்தில் திட்டத்தின் வரைபடத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாகக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் துறை அதிகாரி ஒருவர். இளைஞர், வெளி மாவட்டத்துக்காரர், என்னைவிட மோசமாகக் குலுங்கி வந்திருப்பார் போல, முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் தரையில் இருக்கத் தான் மட்டும் நாற்காலியில் இருப்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது. சிறிது நேரம் கழித்து இறங்கித் தார்ப்பாயிலேயே உட்கார்ந்துகொண்டார். அவரைப் பற்றி என்னால் குறை எழுத முடியாது.

இதற்கு முன்பும் ஒரு கலந்தாய்வு நடந்ததாம். மலைக்குக் கீழே டவுனில் ஒரு மண்டபத்தில். இங்கிருந்து மூன்று பேரைக் கூட்டிப் போய், திரையில் படம் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். பழங்குடியினரைக் கலந்து பேசியாகிவிட்டது என்று அறிக்கையிலும் வந்துவிட்டது. செல்விதான் அதை ஒப்புக்கொள்ளாமல், எங்கள் ஊரில், எங்கள் கிராம சபையில், எல்லோரும் இருக்கும்போது கேளுங்கள் என்று திருப்பியனுப்பினார். வன உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊரில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அன்று பெண்கள்தான் அதிகம்.

அதிகாரி வரைபடத்தைக் காட்டி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். முடித்ததும் ஊர் மூப்பரைப் பார்த்து, “ஐயா, நீங்க ஊர்ப் பெரியவர், முதல்ல உங்க கருத்தைச் சொல்லுங்க” என்றார்.

மூப்பர் மறுத்துத் தலையை ஆட்டினார். “நான் கடைசீல பேசறனுங்க. இது யாரைத் தொடுதோ அவுங்க மொதல்ல பேசட்டும். எங்க வழக்கம் அதுதானுங்க.”

செல்வி எழுந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர். மைக் இல்லை, தேவையும் இல்லை.

“சாருங்க, நீங்க மேடை போடறேன்னு சொல்ற எடத்துக்குக் கீழ, சித்திரை வைகாசில என் ஊட்டுக்காரரு கொடிக்கயித்துல தொங்கீட்டு இருப்பாருங்க. தேனெடுக்க. போன சித்திரையில பொழுது சாயற நேரம், அவரு பாதிப் பாறையில தொங்கறாரு. கேக்காம வந்த நாலு பசங்க எதிர்ப் பக்கத்துல இருந்து அந்தப் பறக்கற கேமராவ உட்டாங்க. ஈ மொத்தமும் கெளம்பிப்போச்சுங்க. மேல கயிறு புடிச்சிருந்தவன உடம்பு பூரா கொட்டுச்சு. அவன் கைய எடுக்கல. ஊட்டுக்காரரு ஏறி வார வரைக்கும் எடுக்கல. அப்புறம் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில கண்ணு தொறக்க முடியாமக் கெடந்தான்.” கையை நீட்டிக் காட்டினார். “என் தம்பிதானுங்க. கார்த்தி.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசி வந்தவர். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து தார்ப்பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்புவரை என் தலையில் ஓடிக்கொண்டிருந்த படங்களை நினைத்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதிகாரிக்கும் இது தெரிந்திருக்கவில்லை. உண்மையாகவே கலங்கிப் போனார். உடனே அவருக்குத் தெரிந்த வகையில் ஒரு வழி சொன்னார். “மலையேற்றத்துக்குப் பயன்படுத்துற பாதுகாப்பு பெல்ட், நல்ல நைலான் கயிறு எல்லாம் வாங்கித் தரலாம். மேடையிலயே பயிற்சி பெற்ற ஆள் ஒருத்தரைச் சம்பளத்துக்கு நியமிப்போம். அவர் கயிறு பிடிக்கட்டும். கார்த்தி வழிகாட்டி வேலையைப் பார்க்கலாம்.”

கூட்டத்தில் முதலில் ஒரு பெண் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். கேலியாக இல்லை, தாங்கமாட்டாமல் வந்த சிரிப்பு. அதிகாரி புரியாமல் பார்த்தார், நானும்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா காதோடு சொன்னார்: “பொண்டாட்டியோட பொறந்தவன்தான் கண்ணு கயிறு புடிக்கோணும். வேற ஆரும் தொடக்கூடாது. கயிறு போச்சுன்னா தாலியறுக்கறது அவன் பொறந்தவளல்லோ? அவன்தான் உடமாட்டான்.”

செல்வியின் கணவர் மணியன் அதுவரை ஓரமாக நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். அந்த ஒரு நாளில் அவர் பேசி நான் கேட்டது இது மட்டும்தான்: “சார், கயிறு நல்ல கயிறாத்தான் இருக்குமுங்க. ஆனா சம்பளத்துக்குப் புடிக்கற கயித்துல நான் எறங்கமாட்டனுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

செல்வி தம்பியின் பக்கம் திரும்பினார். “கார்த்தி, நீ சொல்லு. மே மாசந்தான் டூரிஸ்டு வருவாங்க. மே மாசந்தான் தேனு. நீ ஜீப்புல இருப்பியா, பாறையில இருப்பியா?”

கார்த்தி எழுந்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “வருசம் பூராவும் காத்துக் கெடந்து மே மாசந்தான் நாலு காசு பாக்கறது. நானும் படிச்சுட்டுத்தான் ஜீப் ஓட்டறேன். காலத்துக்கும் கயிறே புடிச்சுட்டு உக்காந்திருக்கோணுமா?”

“வேண்டாம். புடிக்கமாட்டேன்னு சொல்லிப்போடு. ஒன்னுந் தப்பில்ல. மாமன் இந்த வருசம் பாறைக்குப் போகமாட்டாரு, எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போவாரு. ஆனா இந்தச் சபையில சொல்லு. தேனு போச்சுன்னா அது நீ உட்டதுனு ஆகட்டும், ஆரோ வரைஞ்ச படத்துனால போச்சுன்னு வேண்டாம்.”

மூப்பர் போதும் என்று கையைக் காட்டினார். எல்லோரும் எழுந்து கலைந்தார்கள். முகம் சிவந்திருக்கும்போது முடிவெடுப்பதில்லை, ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்களாம். எங்கள் கம்பெனிக்கு இந்த வழக்கத்தை யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை.

ராகிக் களியும் காட்டுக்கீரையும் கொடுத்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். கார்த்தி சாப்பிடாமல் பம்பர் மேல் உட்கார்ந்திருந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க எழுதமாட்டீங்கன்னு நெனச்சனுங்க்கா.”

“நிசமாவே உங்களுக்கு அந்த மேடை வேணுமா?”

“ஒவ்வொரு சித்திரைக்கும் பயமா இருக்குதுங்க்கா” என்றார். “எனக்கில்லீங்க. கொட்டுனா ஆஸ்பத்திரி இருக்குது. கை நழுவிப்போச்சுன்னா அக்காள் மூஞ்சீல எப்படீங்க முழிக்கறது? கவர்மெண்டே வந்து மேடை கட்டி, இனிமே தேனெடுக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டா, நானாச் சொன்ன மாதிரி இருக்காதுன்னு நெனச்சன்.”

என் களியில் பாதியை அவர் கையில் வைத்தேன். சாப்பிட்டார்.

மறுபடி கூடியபோது முதலில் எழுந்தவர் கார்த்திதான். அக்காளைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்துப் பேசினார். குடில்கள் வரட்டும், ஜீப் சவாரி வரட்டும். மேடை மட்டும் தேன்பாறையில் வேண்டாம், ஓடைக்கு அந்தப் பக்கம் தாழ்வான குன்றில் போடுங்கள், அங்கிருந்தும் பள்ளத்தாக்கு தெரியும். பறக்கும் கேமரா எந்த மாதமும் கூடாது. தேன் காலத்தில் முழுவதுமாக மூடிவிட வேண்டும். எந்த நாள் மூடுவது, எந்த நாள் திறப்பது என்பதைத் துறை சொல்லக்கூடாது, ஒவ்வொரு வருடமும் இந்தச் சபை சொல்லும்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “தம்பி, மே மாசம்தான் சீசன். அதுல மூடினா இந்தத் திட்டத்தை மேலே எப்படி நியாயப்படுத்துறது?”

“எங்களுக்கும் அதுதானுங்க சார் சீசன்” என்றார் கார்த்தி.

செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். கை தூக்கச் சொன்னபோது தார்ப்பாய் முழுக்கக் கைகள். திட்டமே வேண்டாம் என்று இரண்டு பேர் தூக்கவில்லை; அதையும் எழுதச் சொன்னார்கள், எழுதினார்கள். கடைசியாக மூப்பர் பேசினார். “மேல இருக்கறவங்க ஒத்துக்கலீன்னா அவுங்களயும் ஒரு நாளைக்கு இங்க கூட்டீட்டு வாங்க சார். பாறைக்கு மேல நிக்க வெச்சு, மணியன் எறங்கறதக் காட்டறோம். அப்புறம் சொல்லட்டும்.”

சாவடியை ஆறு மணிக்குள் தாண்ட வேண்டும் என்பதால் நாலரைக்கே கிளம்பிவிட்டோம். கார்த்தி ஆனைமலையில் இறக்கிவிட்டு, “படம் போடறதுக்கு ஒன்னுமே இல்லாமப் போச்சுங்களாக்கா?” என்று வருத்தத்தோடு கேட்டார். இரவு ஒன்பதே காலுக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

பொள்ளாச்சி பஸ்ஸில் வரும்போது ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்தேன். அரசாங்கத் திட்டம் என்றால் நமக்குக் கோபப்படத் தெரியும், கும்பிடத் தெரியும். எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது எட்டு மாதம் நான் திட்டித் தீர்த்தேன். ஆனால் எங்கே தோண்டலாம் என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. திட்டம் போடுகிறவருக்கு அது தவறிப்போனால் இழக்க ஒன்றுமில்லை, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவார். நல்லவராகவே இருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் இழக்கப்போகிறவரை முதலில் பேசவிடுகிறார்கள். கலந்தாய்வு என்று மண்டபத்தில் சாப்பாடு போட்டதற்கும் இதற்கும் உள்ள தூரம், அந்த ஜீப் பாதையைவிட அதிகம்.

இதை எழுதும் நாள் வரை மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. சபையின் தீர்மானத்தை மாற்றாமல் அப்படியே அனுப்பிவைத்ததாக அந்த அதிகாரி செல்வியிடம் சொன்னாராம். ஏற்பார்களா, வெட்டிச் சுருக்குவார்களா என்று யாருக்கும் தெரியாது. வெட்டினால் மறுபடி சபை கூடும் என்றார் செல்வி, நாளைக்கு மழை வந்தாலும் வரலாம் என்பதைப் போலச் சாதாரணமாக.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஆனைமலை வரை பஸ் வசதிக்குக் குறைவில்லை. காலையில் சீக்கிரம் கிளம்பினால் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம். காட்டுக்குள் இருக்கும் எந்த ஊருக்கும் அந்த ஊர் அழைக்காமல் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் ஜீப்பில் ஏறாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே பறப்பதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது. ஜூலைக்குப் பிறகு திட்டம் நல்லபடியாக நடந்தால் குடில்கள் திறக்கும், அப்போது கார்த்தியின் ஜீப்பில் போங்கள், கொள்ளுச் சட்னி சாப்பிடாமல்.

கோடை விடுமுறைக்கு வண்டி கிடைக்குமா என்று இதற்குள் பலர் கேட்டுவிட்டீர்கள். மே மாதம் கிடைக்காது. கார்த்தி தேன்பாறையின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டார். இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்.